நீண்ட விமானப் பயணமா? கெண்டைக்காலையும் கொஞ்சம் கவனியுங்கள்!

மகளின் பிரசவத்துக்கு அமெரிக்கா, பேரனைப் பார்க்க லண்டன் என்று கிளம்பும் பெற்றோர், ஊறுகாய் பாட்டிலை பேக் செய்வதில் காட்டும் அக்கறையைக் கால்களிடமும் காட்ட வேண்டும். சென்னையிலிருந்து லண்டனுக்கு நேரடி விமானத்தில் போனாலே 10 மணி நேரத்துக்கு மேல் ஆகும்!

என்ன பிரச்னை?

நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து, ரத்தத்தை இதயத்தை நோக்கி மேலே தள்ளுகிறது. அசையாமல் உட்கார்ந்திருந்தால் அந்த வேலை மந்தமாகிவிடும். காலின் ஆழமான ரத்தக் குழாயில் ரத்தம் தேங்கி உறையலாம். இதை `டீப் வெய்ன் த்ராம்போசிஸ்' என்கிறார்கள். அந்த ரத்தக்கட்டு உடைந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. 2000-ம் ஆண்டு, சிட்னியிலிருந்து லண்டன் வந்திறங்கிய 28 வயது பெண் இப்படித்தான் இறந்துபோனார்.

பயப்பட வேண்டுமா?

4 மணி நேரத்துக்கு மேல் பயணித்தால் இந்த ஆபத்து சுமார் இரண்டு மடங்காகிறது என்று 2007-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ஆனாலும், பாதிப்பு ஏறக்குறைய 6,000 பேரில் ஒருவருக்குத்தான். பிசினஸ் கிளாஸ், பஸ், ரயில், கார் எதுவும் விதிவிலக்கல்ல.

ஏற்கெனவே ரத்தக்கட்டு வந்தவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், புற்றுநோயாளிகள், கர்ப்பிணிகள், அண்மையில் பிரசவமானவர்கள், கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள் டாக்டரிடம் பேசிவிட்டே டிக்கெட் போடுங்கள்.

என்ன செய்யலாம்?

* நடைபாதை ஓர சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அவ்வப்போது எழுந்து நடங்கள்.

* உட்கார்ந்தபடியே குதிகாலை ஊன்றி விரல்களை உயர்த்துங்கள். பிறகு விரல்களை ஊன்றிக் குதிகாலை உயர்த்துங்கள்.

* காலடியில் பையை வைத்து இடத்தை அடைக்காதீர்கள்.

* பாத்ரூம் போக வேண்டுமே என்று தண்ணீரைத் தவிர்க்காதீர்கள். மது, தூக்க மாத்திரை வேண்டாம்.

* ஆஸ்பிரினோ, காலை இறுக்கும் பிரத்யேக சாக்ஸோ டாக்டர் சொன்னால் மட்டுமே.

இறங்கிய பிறகும் கவனம்!

இரண்டு பாதங்களும் லேசாக வீங்கினால் பெரும்பாலும் தானாகவே வடிந்துவிடும். ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி, சூடு, நிறமாற்றம் இருந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். பயணக் களைப்பு என்று தைலம் தேய்த்து நீவிவிடாதீர்கள். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம் என்றால் உடனே எமர்ஜென்சிக்குப் போங்கள்.

அறிகுறிகள் சில வாரங்கள் கழித்துகூட வரலாம். அப்போது, `சமீபத்தில் விமானத்தில் வந்தேன்' என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்!