உரிமம் கைக்கு வந்த பிறகு தொடங்கும் பாடம்

பதினாறு வயது நிறைந்தவுடன் வாகனமோட்டும் பயிற்சி நிலையத்தின் வாசலில் போய் நிற்பது நம் வீட்டுப் பிள்ளைகளின் வழக்கமாகிவிட்டது. நம் நாட்டில் 250 சிசிக்கு மேற்படாத மோட்டார் சைக்கிளை ஓட்டுவதற்கான பி2 உரிமத்தை 16 வயதிலும், கார் ஓட்டுவதற்கான டி உரிமத்தை 17 வயதிலும் பெறலாம். ஆக, படிவம் நான்கில் பயிலும் ஒரு மாணவன் எஸ்.பி.எம். தேர்வை எழுதும் முன்னரே சட்டப்படி சாலையில் இறங்கிவிடுகிறான்.

என் தம்பியும் அப்படித்தான் இறங்கினான். சோதனையில் தேறி உரிமம் பெற்ற முதல் வாரத்திலேயே, அப்பாவின் மோட்டாரில் நண்பன் ஒருவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பாசார் மாலாமுக்குப் புறப்பட்டான். மழை தூறிக்கொண்டிருந்த மாலை நேரம். ஒரு வளைவில் எதிரே கார் வரக் கண்டு பிரேக்கை அழுத்தினான், மோட்டார் வழுக்கியது. தம்பிக்குக் கை எலும்பு முறிந்தது. நண்பனுக்கு முழங்காலில் தையல். மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவன் என்னிடம் கேட்ட கேள்வி இதுதான்: “டெஸ்ட்ல ஒரு தடவைகூட நான் கால் ஊனலக்கா. பிறகு ஏன் விழுந்தேன்?”

அக்கேள்விக்கு விடை தேடியதன் விளைவே இக்கட்டுரை.

எண்கள் சொல்லும் செய்தி

2016ஆம் ஆண்டில் மலேசியச் சாலைகளில் 7,152 பேர் உயிரிழந்தனர். 2019இல் அந்த எண்ணிக்கை 6,167. இவ்வாறு இறப்பவர்களில் பத்தில் ஆறு பேருக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளை ஓட்டியவர்கள் அல்லது அதன் பின்னால் அமர்ந்து சென்றவர்கள். காரில் மோதினால் இரும்புக் கூடும் இருக்கை வாரும் காற்றுப்பையும் காக்கின்றன. மோட்டாரில் செல்பவனுக்கோ தலைக்கவசம் ஒன்றுதான் துணை. அப்படியிருக்க, நம் பிள்ளைகள் முதன்முதலில் ஓட்டுவது இந்த மோட்டாரைத்தான் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பயிற்சி நிலையம் எதைக் கற்பிக்கிறது?

முதலில் வகுப்புப் பாடம். அடுத்து, கணினி வழித் தேர்வு. அதில் 50 கேள்விகளுக்கு 42 சரியான விடைகள் வேண்டும். பின்னர், பயிற்சித் திடலில் குறுகிய பாலத்தைக் கடப்பது, கூம்புகளுக்கிடையே வளைந்து செல்வது, மேட்டில் ஏறுவது போன்ற பயிற்சிகள். காலை ஊன்றாமல் இவற்றை முடித்தால்தான் சோதனையில் தேற முடியும். இவை அனைத்தும் தேவையானவையே. வண்டியைக் கட்டுப்படுத்தத் தெரியாதவன் சாலைக்கு வரவே கூடாது. பணம் கொடுத்துக் குறுக்கு வழியில் வாங்கும் ‘கோப்பி-ஓ’ உரிமம் எவ்வளவு ஆபத்தானது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

ஆனால், பயிற்சித் திடலில் எதிரே கார் வருவதில்லை. பின்னால் நண்பன் உட்கார்ந்திருப்பதில்லை. லாரி இடப்புறம் திரும்புவதில்லை, நாய் குறுக்கே ஓடுவதில்லை, இருட்டுவதுமில்லை. வண்டியைக் கையாளும் திறன் வேறு, ஆபத்தை முன்கூட்டியே காணும் திறன் வேறு. முதலாவதைத் திடலில் கற்கலாம். இரண்டாவதைச் சாலைதான் கற்பிக்கும். நம் பிள்ளைகளின் துன்பம் என்னவென்றால், அந்தப் பாடத்தை அவர்கள் தனியாகப் படிக்கிறார்கள்.

தம்பி விழுந்தது ஏன்?

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் தூரத்தைக் கடந்துவிடுகிறது. ஆபத்தைக் கண்டு, கை பிரேக்கைத் தொடுவதற்கே ஏறக்குறைய ஒரு விநாடி ஆகிவிடும். அதாவது, வண்டியின் வேகம் குறையத் தொடங்கும் முன்பே 17 மீட்டர் போய்விடுகிறது. அதன் பிறகுதான் பிரேக் பிடிக்கும் தூரம். வேகம் இரண்டு மடங்கானால் இந்தத் தூரம் நான்கு மடங்காகும். ஈரச் சாலையில் இன்னும் கூடும்.

மேலும், பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்சக்கரத்தின் மேல் சாய்கிறது. ஆகவே, வண்டியை நிறுத்தும் ஆற்றலில் பெரும்பகுதி முன் பிரேக்கிலேயே உள்ளது. அதற்கு அஞ்சிப் பின் பிரேக்கை மட்டும் மிதிப்பவனுக்கு வண்டி வேண்டிய இடத்தில் நிற்காது. வளைவில் சாய்ந்திருக்கும்போது முன் பிரேக்கைச் சட்டென்று இறுக்குபவனுக்கோ சக்கரம் வழுக்கும். வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே, இரண்டு பிரேக்குகளையும் சேர்த்துப் படிப்படியாக அழுத்தி வேகத்தைக் குறைப்பதே முறை. மழை, வளைவு, பின்னால் ஓர் ஆள் என்ற மூன்றையும் என் தம்பி ஒரே நாளில், முதன்முறையாகச் சந்தித்தான்.

‘இளங்கன்று பயமறியாது’ என்பது நம் பழமொழி. பின்விளைவுகளை எடைபோட்டு ஆசையைக் கட்டுப்படுத்தும் முன்மூளைப் பகுதி இருபது வயதைக் கடந்த பிறகும் வளர்ந்துகொண்டிருப்பதாக அறிவியலும் கூறுகிறது. எனவே, இது ஒழுக்கக் குறைவு மட்டுமன்று, வயதின் இயல்பும்கூட. அந்த இயல்பை அறிந்து வழிநடத்துவதுதான் உண்மையான வாகனமோட்டும் கல்வி.

பிற நாடுகள் கற்ற பாடம்

இன்னும் அதிகமாகப் பாடம் நடத்தினால் விபத்து குறைந்துவிடுமா? அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலுள்ள டிகால்ப் வட்டாரத்தில் 1970களின் பிற்பகுதியில் இதை ஆய்ந்தனர். ஏறத்தாழ 16,000 உயர்நிலைப்பள்ளி மாணவர்களில் ஒரு குழுவினருக்கு விரிவான பயிற்சியும், இன்னொரு குழுவினருக்குச் சுருக்கமான பயிற்சியும் அளிக்கப்பட்டன. மூன்றாவது குழுவினருக்குப் பள்ளியில் பயிற்சியே இல்லை. விரிவான பயிற்சி பெற்றோரின் விபத்துகள் நீண்டகால நோக்கில் குறையவில்லை. பயிற்சி பெற்றவர்கள் விரைவாக உரிமம் எடுத்து, விரைவாகச் சாலைக்கு வந்ததும் அதற்கு ஒரு காரணம்.

சுவீடன் வேறு வழியில் சென்றது. 1993இல் கார் ஓட்டிப் பழகத் தொடங்கும் வயதைப் பதினேழரையிலிருந்து 16ஆகக் குறைத்தது. உரிமம் பெறும் வயதையோ 18ஆகவே வைத்துக்கொண்டது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்திருக்க, இளையோர் நீண்ட காலம் பழகினர். இவ்வாய்ப்பைப் பயன்படுத்தியவர்கள் சராசரியாக ஏறத்தாழ 120 மணி நேரம் பழகினர். முன்பு பழகியது 50 மணி நேரத்துக்கும் குறைவே. உரிமம் பெற்ற பிறகு அவர்களின் விபத்து ஆபத்து ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்தது.

நியூசிலாந்து 1987இல் படிநிலை உரிம முறையைக் கொண்டு வந்தது. புதிய ஓட்டுநர்கள் இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை தனியே ஓட்டவும், அனுபவமுள்ளவர் உடனில்லாமல் பயணிகளை ஏற்றிச் செல்லவும் தடை விதித்தது. பிரிட்டனோ 2002இல் ஆபத்தை முன்னறியும் தேர்வைச் சேர்த்தது. திரையில் ஓடும் சாலைக் காட்சியில் ஆபத்து உருவாவதை எவ்வளவு விரைவில் கண்டுகொள்கிறார் என்பதற்கே அதில் மதிப்பெண்.

இவை உணர்த்தும் உண்மை ஒன்றே. பாடம் மட்டும் போதாது. பாதுகாப்பான சூழலில், மேற்பார்வையோடு, சிறிது சிறிதாகச் சேரும் அனுபவமே உயிரைக் காக்கும்.

வீட்டிலேயே தொடங்கலாம்

நம் நாட்டிலும் புதிய ஓட்டுநருக்கு ஈராண்டு ‘பி’ உரிமக் காலம் உண்டு. பலர் அதை வண்டியில் ஒட்டும் ஒரு வில்லையாக மட்டுமே கருதுகின்றனர். அதைக் கற்கும் காலமாக மாற்றுவது குடும்பத்தின் கையில் உள்ளது. எங்கள் வீட்டில், தம்பியின் கை குணமான பிறகு, ஆறு மாதங்களுக்குச் சில விதிகளை வகுத்தோம்.

முதல் இரண்டு மாதங்கள் பகலில் மட்டும், பழகிய சாலையில் மட்டும் ஓட்ட வேண்டும். பின்னால் யாரையும் ஏற்றக்கூடாது. வாரம் ஒருமுறை அப்பா தம் மோட்டாரில் பின்தொடர்வார். வீடு திரும்பியதும் எந்த இடத்தில் எந்த ஆபத்து இருந்தது என்பதைத் தம்பியே சொல்ல வேண்டும். லாரியின் இடப்புறம் நுழையக்கூடாது, சந்தியில் காத்திருக்கும் கார் தன்னைப் பார்த்துவிட்டது என்று நம்பக்கூடாது என்பவற்றை அவன் இப்படித்தான் கற்றான். அதன் பிறகே இரவு; அதன் பிறகே மழை; கடைசியாகத்தான் பின்னிருக்கை நண்பன். தலைக்கவச வாரை இறுக்கிப் பூட்டாமல் வண்டி நகராது. தலைக்கவசம் அணிவதால் மரண ஆபத்து ஏறக்குறைய 40 விழுக்காடு குறைகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளின் தொகுப்பு காட்டும் உண்மை.

“இரவு டியூஷனுக்குப் போக வேறு வழியில்லையே, எங்கள் பகுதிக்குப் பேருந்தே வராதே” எனப் பெற்றோர் கேட்பது நியாயமே. அதனால்தான் எங்கள் வீட்டில் அந்தச் சில மாதங்கள் அப்பாவும் நானும் முறைபோட்டுக்கொண்டு அவனை ஏற்றி இறக்கினோம். சிரமம்தான், ஆனால், அது சில மாதச் சிரமம். உரிமமே இல்லாத பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் சாவியைக் கொடுத்து “கடைக்குப் போய் ரொட்டி வாங்கிட்டு வா” என்று அனுப்பும் பழக்கத்தையும் நாம் இன்றே கைவிட வேண்டும். சாலைச் சட்டத்தை மீறும் முதல் பாடத்தை அப்பிள்ளை வீட்டிலேயே கற்றுக்கொள்கிறது.

மாணவ நண்பர்களே, நம்மில் பலருக்கு ஊரில் தம்பியோ தங்கையோ இருக்கிறார்கள். பெற்றோர் சொல்வதைவிட அண்ணன், அக்கா சொல்வதற்கு அவர்கள் செவிசாய்ப்பதும் உண்டு. அடுத்த விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது அவர்களுடன் ஒரு மாலை சாலைக்குச் செல்லுங்கள். என்ன பார்த்தாய் என்று கேளுங்கள்.

என் தம்பியின் கேள்விக்கு இப்போது என்னிடம் விடை உண்டு. அவன் சோதனையில் தேறினான். ஆனால், பாடம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. அந்தப் பாடத்தில் அவனைத் தனியே விட்டது எங்கள் தவறு.