ராட்டினம் எங்கே போச்சு? – பொழுதுபோக்குப் பூங்காக்களில் மூடியதும் மாற்றியதும்



கோடை விடுமுறை வந்தால் நம்ம குழுக்கள் பலதும் வேன் பிடித்துச் சுற்றுலா கிளம்புவது வழக்கம். பிள்ளைகளுக்காகவே பொழுதுபோக்குப் பூங்காவையும் பட்டியலில் சேர்க்கிறோம். போன இடத்தில் பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி, "போன தடவை இருந்த ராட்டினம் எங்கம்மா?" என்பதுதான். நாமும், "ரிப்பேரா இருக்கும், வா" என்று சொல்லிவிட்டு நகர்ந்து விடுகிறோம்.

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் ஒரு ராட்டினத்தை மூடுவது வேற, மாற்றுவது வேற. இந்த வித்தியாசம் நம்ம குழுத் தொழிலுக்கும் பொருந்தும்.

இடம் நம்முது இல்லைன்னா...

இந்தியாவின் முதல் பெரிய பொழுதுபோக்குப் பூங்கா டில்லியில் இருந்த அப்பு கர். 1982ல் டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. அதன் சின்னம் அப்பு என்கிற யானைக்குட்டி. அந்தப் பெயரையே வைத்து, 1984 நவம்பரில் பிரகதி மைதானத்தில் பூங்காவைத் திறந்தார்கள். இருபது வருஷத்துக்கு மேல் கூட்டம் குறையவில்லை. ஆனாலும் 2008 பிப்ரவரியில் மூடிவிட்டார்கள். காரணம் நிலம். அது குத்தகை நிலம். உச்ச நீதிமன்ற விரிவாக்கத்துக்கும் மெட்ரோ ரயிலுக்கும் அந்த இடம் தேவைப்பட்டது. ராட்டினங்கள் ஓடுகிற நிலையில் இருந்தும், நிற்க இடமில்லாமல் போச்சு.

நம்ம சென்னையிலும் இதே மாதிரி ஒன்று உண்டு. தரமணியில் 1994ல் தொடங்கிய திரைப்பட நகரம், பிறகு எம்.ஜி.ஆர். திரைப்பட நகரம் ஆனது. சென்னைக்குச் சுற்றுலா போன கிராமத்து ஜனங்கள் பலர் அந்த சினிமா செட்டுகளைப் பார்த்திருப்பார்கள். அந்த நிலத்தின் ஒரு பகுதியில் இப்போது கம்ப்யூட்டர் கம்பெனிகளின் பெரிய கட்டடங்கள் நிற்கின்றன.

இரும்புக்கும் வயசாகும்

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் டிஸ்னிலேண்ட் என்ற பூங்கா 1955 ஜூலை 17 அன்று திறக்கப்பட்டது. உலகத்தில் பல பூங்காக்களுக்கு இதுதான் முன்மாதிரி. அங்கே 1956ல் ஆகாயத்தில் கம்பியில் தொங்கிப் போகிற தொட்டி வண்டியை ஆரம்பித்தார்கள். நம்ம பழனி ரோப் கார் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 38 வருஷம் ஓடிய பிறகு, 1994ல் அதை ஒரேயடியாக நிறுத்தி விட்டார்கள்.

பழனி என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே ரோப் கார் 2004 நவம்பரில் ஓட ஆரம்பித்தது. 2007ல் நடந்த விபத்தில் நாலு பேர் இறந்து போனார்கள். ரோப் காரை மாதம் ஒரு நாளும், வருஷத்தில் சுமார் ஒரு மாதமும் பராமரிப்புக்காக நிறுத்துகிறார்கள். அந்த நேரத்தில் போய் மாட்டிக்கிட்டால் நமக்குக் கோபம் வரும். "இவ்வளவு தூரம் வந்தும் ஏற முடியலையே" என்று அலுத்துக்கொள்வோம். அந்த நாட்களில்தான் கம்பி, சக்கரம், பெட்டி எல்லாவற்றையும் பார்த்துத் தேய்ந்ததை மாற்றுகிறார்கள். அந்த நிறுத்தம் நம்ம உயிருக்குக் காவல்.

சென்னை தாம்பரம் பக்கத்தில் கிஷ்கிந்தா பூங்கா 1995ல் வந்தது. 'மை டியர் குட்டிச்சாத்தான்' படம் எடுத்த நவோதயா அப்பச்சன் தொடங்கியது. 2016 மே மாதம் அங்கே ஒரு ராட்டினத்தைச் சோதனை ஓட்டம் பார்க்கும்போது விபத்து நடந்தது. ஊழியர் ஒருவர் இறந்தார், பலர் காயம்பட்டார்கள். ஏறியிருந்தவர்கள் பார்வையாளர்கள் இல்லை, வேலை செய்கிற பிள்ளைகள். நாம் ஏறுவதற்கு முன்னால் யாரோ ஒருவர் ஏறிப் பார்க்கிறார் என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை.

எதிர்காலமும் பழசாகும்

டிஸ்னிலேண்டில் 1957ல் முழுக்க பிளாஸ்டிக்கால் ஒரு வீடு கட்டினார்கள். 'எதிர்கால வீடு' என்று பெயர். ஜனங்கள் ஆச்சரியமாகப் பார்த்தார்கள். பத்தே வருஷத்தில், 1967ல், எதிர்காலம் பழசாகிப் போச்சு. இடிக்கலாம் என்று பெரிய இரும்புக் குண்டை வைத்து மோதினால், குண்டு பட்டுத் திரும்பி வந்ததாம்! இரண்டு வாரம் பாடுபட்டு அறுத்து எடுத்தார்கள். வீடு உறுதியாகத்தான் இருந்தது. பார்க்கிறவர்களுக்கு ஆசை போய்விட்டது, அவ்வளவுதான்.

அதே பூங்காவில் நீர்மூழ்கிக் கப்பல் சவாரி 1959ல் வந்தது. 1998ல் மூடினார்கள். ஆனால் கப்பல்களைத் தூக்கி எறியவில்லை. அதே பழைய கூடுகளில் டீசல் என்ஜினை எடுத்துவிட்டு, மின்சாரத்தில் ஓடும்படி செய்தார்கள். நீமோ என்கிற மீன்குஞ்சின் கதையைச் சேர்த்து 2007ல் மறுபடி திறந்தார்கள். புதுசாக வாங்காமலேயே புதுசாக்கின கதை இது.

மனசு நோகுதுன்னு மாத்தினது

இன்னொரு சவாரி, மரக்கட்டைப் படகில் உட்கார்ந்து மேலேயிருந்து தண்ணீரில் சறுக்கி விழுவது. 1989 முதல் 2023 வரை ஓடியது. அதில் வரும் பொம்மைகளும் பாட்டும் 1946ல் வந்த ஒரு படத்திலிருந்து எடுத்தவை. அந்தப் படம் கறுப்பின மக்களின் அடிமை வாழ்க்கைக் காலத்தை இனிப்பாகக் காட்டுகிறது என்று வெகுகாலமாகவே எதிர்ப்பு இருந்தது. அதனால் கதையை எடுத்துவிட்டு, 2024ல் டியானா என்கிற கறுப்பினப் பெண்ணை நாயகியாக வைத்துப் புதுக்கதை கொண்டுவந்தார்கள். படகும் சறுக்கும் அப்படியே இருக்கின்றன. நம்ம ஊரில் தறியை மாற்றாமல் சேலையின் பார்டரை மட்டும் மாற்றுகிற மாதிரிதான்.

அந்தக் கதையில் டியானா என்ன தொழில் செய்கிறாள் தெரியுமா? உணவுப் பொருள் தயாரிக்கிறாள். வேலை செய்கிறவர்களே பங்குதாரர்களாக உள்ள கூட்டுறவு அது. கிட்டத்தட்ட நம்ம குழு மாதிரி!

சுற்றுலா போகும்போது

* பூங்காவில் ஒரு ராட்டினம் நிற்குதுன்னா, ஓட்டச் சொல்லி ஊழியரிடம் சண்டை போட வேண்டாம். கட்டணத்தில் தள்ளுபடி உண்டா என்று கேட்பது நம்ம உரிமை. அதை நுழைவுச் சீட்டு வாங்கும் முன்பே கேளுங்கள்.
* பெல்ட்டும் தடுப்புக் கம்பியும் சரியாகப் பூட்டுதா என்று இழுத்துப் பாருங்கள். பூட்டவில்லை என்றால் இறங்கி விடுங்கள்.
* உயரம், வயசு அளவு எழுதிப் போட்டிருந்தால் அதை மீற வேண்டாம். "என் பிள்ளை பயப்படாது" என்பது இயந்திரத்துக்குத் தெரியாது.
* சேலை முந்தானை, துப்பட்டா, தலைமுடி சக்கரத்தில் மாட்டாமல் முடிந்து கொள்ளுங்கள். திருவிழா ராட்டினத்துக்கும் இதேதான்.

நம்ம குழுவுக்கு என்ன பாடம்?

மேலே சொன்னதில் மாற்றம் செய்து தொடர்ந்து நடந்தவையும் உண்டு, அடியோடு போனவையும் உண்டு. மாற்ற முடிந்ததுக்கு இரண்டு காரணம்: இடம் கையில் இருந்தது, மாற்றுவதற்குப் பணம் இருந்தது.

நம்ம குழுக்கள் கடன் வாங்கி மாவு மெஷின், தையல் மெஷின் என்று போடுகிறோம். கடன் தவணை கட்டுகிறோம், மீதியை லாபம் என்று பிரித்துக்கொள்கிறோம். மெஷின் தேய்கிறதே, அதற்கு யார் கணக்கு எழுதுவது? உதாரணத்துக்கு, 60,000 ரூபாய் மெஷின் 5 வருஷம் உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். 5 வருஷம் என்றால் 60 மாதம். மாதம் 1,000 ரூபாய் தேய்ந்து போகிறது. அந்த 1,000 ரூபாய் லாபமே இல்லை. அதைத் தனியாக வங்கியில் போட்டு வந்தால், மெஷின் ஓய்ந்து போகும் நாளில் கைநீட்டிக் கடன் கேட்க வேண்டியதில்லை.

அதே போல, தொழிற்கூடம் வாடகை இடத்தில் இருந்தால் ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள். எத்தனை வருஷம், காலி செய்ய எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும் என்பது அதில் இருக்கட்டும். "நம்ம ஆளுதானே" என்ற வாய்ச்சொல் போதாது. கூட்டம் கூட்டமாக ஜனம் வந்த அப்பு கர்ரே இடம் இல்லாமல்தான் போச்சு.

அடுத்த குழுக் கூட்டத்தில் இந்த இரண்டையும் பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். தேய்மானப் பணத்துக்குத் தனிக் கணக்கு ஆரம்பித்த குழுக்கள், அந்த விவரத்தைக் கூட்டமைப்புக் கூட்டத்தில் மற்ற சகோதரிகளுக்கும் சொல்லுங்கள்.