பீரோவில் வீணாகும் மடிக்கணினிகள்

தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அதன் தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்ட கணினிகளுக்குப் பத்து வயதுக்கு மேலாகிவிட்டது. அவற்றில் பல இன்று உறைக்குள் கட்டப்பட்டு, பீரோவின் அடித்தட்டில் பத்திரமாக இருக்கின்றன. கடலோர ஊர்களில் அந்தப் பத்திரம்தான் பழைய கணினியைக் கெடுக்கிறது. அங்கே அது உழைத்துத் தேய்வதை விட, சும்மா கிடந்து சாவதற்கே வாய்ப்பு அதிகம்.

காரணம் உப்புக்காற்று. காற்றில் மிதந்துவரும் உப்பு, விசிறித் துளை வழியாகவும் கீபோர்டு இடுக்கு வழியாகவும் நுழைந்து மதர்போர்டில் படிகிறது. உலர்ந்திருக்கும்வரை அதனால் பெரிய கேடில்லை. ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால், மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதுபோல, படிந்த உப்பு தானே நீரை இழுத்துக் கரைகிறது. கடலுப்பில் மக்னீசியமும் கலந்திருப்பதால் அதற்கு முன்பே கசியத் தொடங்கிவிடும். கழற்றாத பேட்டரியிலிருந்து, கணினி அணைந்திருந்தாலும் போர்டின் சில இடங்களுக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். உப்புநீரும் மின்சாரமும் சேரும் இடத்தில் செம்பு கரைந்து பச்சைக் களிம்பு பூக்கிறது. மயிரிழைத் தடங்கள் அறுந்துபோகின்றன. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இதற்கு ஓய்வே இல்லை.

ஓடும் கணினிக்கு அதன் சூடே காவல். 28 டிகிரியில் 85 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்று 38 டிகிரிக்குச் சூடேறினால், அந்த ஈரப்பதம் ஏறத்தாழ 50 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். அதனால் வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் ஓட்டுவது, உறை போட்டுக் கட்டிவைப்பதை விட மேலானது. விசிறி சுழலும்போது உப்புக்காற்றைத்தானே இழுக்கிறது என்று கேட்கலாம். உண்மைதான். ஆகவே கடல் பக்கத்துச் சன்னலோரம் வேண்டாம், உள்ளறையில் ஓட்டுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை விசிறியைத் துடைத்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றச் சொல்லுங்கள். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தால் போதாதா? போதும், அந்த மணிகளை அவ்வப்போது சூடாக்கி உலர்த்துகிறவர்களுக்கு. ஊறிப்போன மணிகள் ஈரத்தைத் தடுப்பதில்லை. மழைநாளில் மூடிய பிளாஸ்டிக் பை அதைவிட மோசம். அன்றைய ஈரத்தையே உள்ளே பூட்டி வைக்கிறது.

பேட்டரியின் கதை வேறு. முழுதாகச் சார்ஜ் ஏற்றி வெக்கையான அறையில் வைத்தால் சீக்கிரம் மூப்படையும். முற்றிலும் வடியவிட்டால் மறுபடி உயிர்பெறாமலே போகலாம். பாதியளவு சார்ஜோடு, கழற்ற முடிந்தால் கழற்றி வைப்பதே சரி. டச்பேட் மேலெழும்பினாலோ மூடி சரியாக உட்காராவிட்டாலோ உள்ளே பேட்டரி ஊதியிருக்கக்கூடும். குத்தவோ அழுத்தவோ கூடாது, சார்ஜும் போடக்கூடாது.

அடிக்கடி ஆன் செய்தால் சூடேறி ஆறி, சிப்புகளின் இணைப்பு விட்டுப்போகும் என்பது பழுதுபார்ப்பவர்கள் சொல்லும் வலுவான மறுப்பு. அப்படி நடந்ததும் உண்டு. 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், மடிக்கணினிகளுக்கான தன் கிராபிக்ஸ் சிப்புகள் சிலவற்றின் பொதிவில் இருந்த பலவீனத்துக்காக 15 முதல் 20 கோடி டாலர்வரை ஒதுக்குவதாக அறிவித்தது. பிறவியிலேயே அப்படிக் குறையுள்ள சிப்பை எந்தப் பராமரிப்பும் முழுதாகக் காப்பாற்றாது. சூட்டைக் குறைத்து நாளைத் தள்ளலாம், அவ்வளவே. ஆனால் நாளுக்குப் பலமுறை சூடேறி ஆறுவதைப் பொறுத்த இணைப்புக்கு வாரம் ஒரு சூடேற்றம் பெரிய சுமையல்ல. களிம்போ ஓய்வெடுப்பதில்லை.

நெடுநாள் கிடந்த கணினியை எடுத்தவுடன் சார்ஜரைச் செருகிப் பார்ப்பதுதான் பலரும் செய்வது. கடலோரத்தில் அது ஆபத்தான பழக்கம், எஞ்சிய தடங்களையும் அந்த ஒரு நொடி எரித்துவிடலாம். மின்சாரம் காட்டும் முன் திறக்கச் சொல்லுங்கள். களிம்பு இருந்தால், பேட்டரியைக் கழற்றிவிட்டு, 99 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் மெல்லிய தூரிகையும் கொண்டு போர்டைக் கழுவி, முழுதும் உலர்ந்த பிறகே ஆன் செய்ய வேண்டும்.