ஒடுங்கிய மனைக்கு ஓங்கிய நெட்டிலிங்கம்

விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், கங்கைகொண்ட சோழபுரத்திற்குச் சற்று முன்னே அமைந்துள்ள ஊர் மீன்சுருட்டி. பேருந்துகளும் கரும்பு வண்டிகளும் சரக்குந்துகளும் இரவு பகலாகச் செல்லும் வழி இது. சாலைகள் அகலமாகும்போது ஓரத்துப் புளியமரங்கள் மறைகின்றன. வீடுகள் வெயிலுக்கும் புழுதிக்கும் வழிப்போக்கர் பார்வைக்கும் திறந்து கிடக்கின்றன. மனையோ மூன்று சென்ட், ஐந்து சென்ட். வீட்டைக் கட்டியபின் சுவருக்கும் மதிலுக்கும் இடையே எஞ்சுவது ஐந்தாறு அடி அகலமுள்ள மண்பட்டையே. அங்கே வேம்பு வைத்தால் சில ஆண்டுகளில் கிளைகள் கூரையை உரசும். புங்கம் வைத்தால் அண்டை வீட்டாரோடு மனத்தாங்கல் வரும். ஆகவே பல குடும்பங்கள் சிமெண்டுத் தளம் போட்டு அந்த மண்ணை மூடிவிடுகின்றன.

மூட வேண்டியதில்லை. பக்கவாட்டில் பரவாமல், தூண்போல் நிமிர்ந்து, ஆண்டு முழுவதும் பசுமை மாறாதிருக்கும் செடிகொடி வகைகள் உலகெங்கும் உள்ளன. மத்தியதரைக் கடல் நாடுகளில் இந்த இடத்தைச் சைப்ரஸ் மரம் பெற்றிருக்கிறது. இத்தாலியக் கிராமங்களின் கல்லறைத் தோட்டங்களில் வரிசையாக நிற்கும் கூர்நுனி மரங்களைப் படங்களில் கண்டிருப்பீர்கள். நமது சமவெளியின் சூட்டிலும் ஐப்பசி மழை ஈரத்திலும் அம்மரம் செழிப்பதில்லை. நமக்கென்று இயற்கை வழங்கியுள்ள தூண்மரம் நெட்டிலிங்கம்.

அசோகம் அன்று, நெட்டிலிங்கம்

நர்சரியில் இதற்கு "அசோக மரம்" என்றே பெயர். அது தவறு. உண்மையான அசோகம் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. கொத்துக் கொத்தாக ஆரஞ்சும் சிவப்புமான மலர்கள் பூப்பது. கிளை பரப்பி நிழல் தருவது. நெட்டிலிங்கமோ சீத்தாப்பழக் குடும்பத்தைச் சேர்ந்தது. தாவர நூலார் இதனை நெடுங்காலம் பாலியால்தியா லாங்கிஃபோலியா என்று வழங்கி, இப்போது மோனூன் லாங்கிஃபோலியம் என்று மாற்றியுள்ளனர். இதன் மலர்கள் வெளிர்பச்சை நிறமுடையவை. இலைகளுக்கு நடுவே இருப்பதே தெரியாது.

பெயர்க் குழப்பம் வெறும் சொற்சிக்கல் அன்று. அசோகப்பட்டை பெண்களின் மாதவிடாய் நோய்களுக்கு நாட்டு மருத்துவத்தில் பயன்படுவது. அதற்குப் பதிலாக நெட்டிலிங்கப் பட்டையைக் கலப்பது மருந்துச் சரக்குச் சந்தையில் அறியப்பட்ட கலப்படமாகும். "வீட்டு வாசலிலேயே அசோகம் நிற்கிறதே" என்று பட்டையை உரித்துக் கஷாயம் வைப்போர் தாம் எண்ணிய மருந்தை உண்பதில்லை. மரத்தை அழகுக்கு வளருங்கள். மருந்துக்குத் தகுந்த மருத்துவரை நாடுங்கள்.

நெட்டிலிங்கத்தில் இரு தோற்றங்கள் உண்டு. ஒன்று கிளை விரித்து வளர்வது. மற்றொன்று கிளைகள் கீழ்நோக்கித் தொங்கி, அடிமரத்தோடு ஒட்டி, கூம்புபோல் உயர்வது. சிறு மனைக்கு ஏற்றது இந்த இரண்டாவது வகையே. இது முப்பது அடிக்கு மேலும் உயரும்; ஆனால் அகலம் ஐந்தாறு அடிக்குள் அடங்கிவிடும். நேராக ஓங்கும் அடிமரம் பாய்மரக் கப்பல்களின் கொடிமரத்திற்கு உதவியதால் ஆங்கிலேயர் அதற்கும் கொடிமரம் என்றே பொருள்படும் பெயரை இட்டனர். அலையலையான விளிம்புள்ள இதன் இலைக்கொத்துகளே நம் ஊர்த் திருவிழாப் பந்தல்களிலும் திருமண வாசல்களிலும் தோரணமாகத் தொங்குகின்றன.

நடுமுன் மேலே பாருங்கள்

குழி வெட்டுமுன் செய்ய வேண்டிய முதல் வேலை அண்ணாந்து பார்ப்பது. மின்கம்பி செல்லும் இடத்திற்கு நேர்கீழே நெட்டிலிங்கம் ஒருபோதும் ஆகாது. கம்பியைத் தொடும் நாளில் மின்வாரியத்தார் உச்சியை வெட்டியாக வேண்டும். உச்சி போன நெட்டிலிங்கம் வெட்டிய இடத்தின் கீழிருந்து இரண்டு மூன்று புதுக் கிளைகளை மேல்நோக்கி விடும். அவற்றின் பிணைப்பு வலுவற்றது. பெருங்காற்றில் முதலில் பிளப்பது அந்த இடமே. தூணின் அழகும் அன்றோடு போய்விடும்.

அடுத்தது அளவு. வீட்டுச் சுவரிலிருந்து குறைந்தது நான்கடி, கழிவுநீர்த் தொட்டியிலிருந்து பத்தடி தள்ளி நட வேண்டும். ஆல், அரசு போலச் சுவரைப் பிளக்கும் வேர் இதற்கில்லை; ஆயினும் அடிமரம் பருக்க இடம் வேண்டும். மறைப்பாக நிற்க வேண்டுமானால் மரத்திற்கு மரம் ஐந்தடி போதும். தனித்தனித் தூண்களாகத் தெரிய வேண்டுமானால் எட்டடி விடுங்கள். முப்பதடி முகப்பில் வாயிலுக்கு ஐந்தடி போக, ஐந்து மரங்கள் தாராளம். ஆசை மிகுதியால் இரண்டடிக்கு ஒன்றாகப் பத்து நட்டால் பத்தும் மெலிந்து, அடிக்கிளைகள் காய்ந்து, மறைக்க வேண்டிய உயரத்தில் வெறுங்கொம்பு நிற்கும்.

குழியும் கன்றும்

மீன்சுருட்டிக்கு மேற்கே ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரி விளையும் செம்மண். தெற்கே கொள்ளிடத்தை நெருங்க நெருங்க வண்டல். செம்மண்ணில் இரண்டடி நீள அகல ஆழமுள்ள குழி வெட்டி, மேல்மண்ணோடு மக்கிய தொழுவுரம் இரண்டு கூடை கலந்து நிரப்புங்கள். களிப்பான இடத்தில் அவ்வாறு செய்தால் மழைக்காலத்தில் குழி கிணறாகி வேர் அழுகும். அங்கே முக்காலடி மேடு எழுப்பி அதன்மேல் நடுவதே முறை. கரையான் தொல்லை உள்ள இடங்களில் இரண்டு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கைக் குழியில் சேர்க்கலாம்.

கன்று வாங்கும்போது உயரத்தைக் கண்டு மயங்க வேண்டாம். எட்டடி உயரக் கன்று சிறு பாலித்தீன் பையில் நின்றால், அதன் வேர்கள் பைக்குள்ளேயே சுருண்டு முறுக்கியிருக்கும். மண்ணில் இறக்கியபின்னும் அவை அப்படியே சுற்றி வளரும். பத்தாண்டு கழித்துப் புயலில் மரம் வேரோடு சாயும். மூன்று நான்கடி உயரமும், ஒடியாத ஒரே நுனியும், அடிவரை இலையும் உள்ள கன்றே சிறந்தது. பையைக் கிழித்ததும் சுற்றி ஓடும் வேர்களைக் கூரிய கத்தியால் நறுக்கிவிட்டு நடுங்கள். 2011 டிசம்பர் 30-இல் கரையைக் கடந்த தானே புயலில் அண்டை மாவட்டமான கடலூரில் முந்திரியும் பலாவும் ஏராளமாக வீழ்ந்ததை நம் பக்கத்தார் மறந்திருக்க மாட்டார்கள். ஒடுங்கிய மரம் காற்றை அதிகம் தாங்க வேண்டியதில்லை என்பது நன்மை; வேர் நேராக இறங்கியிருந்தால்தான் அந்த நன்மை கிட்டும்.

விதையிலிருந்தும் வளர்க்கலாம். கோடை கழிந்து கருநீலமாகப் பழுக்கும் காய்களைக் குயில்களும் வௌவால்களும் தின்று கொட்டைகளை உதிர்க்கும். சதையைக் கழுவி உடனே விதைக்க வேண்டும். எடுத்து வைத்த விதை விரைவில் முளைப்புத் திறனை இழந்துவிடும்.

ஆடி, ஆவணியில் நட்டால் ஐப்பசி மழை வேரூன்றச் செய்யும். சோதனை வருவது அடுத்த சித்திரையில்தான். முதல் இரண்டு கோடைகளிலும் மூன்று நாட்களுக்கு ஒருமுறை ஒரு குடம் தண்ணீர் கட்டாயம் வேண்டும். குடிநீரே அரிதான வீட்டில் இதற்கு எங்கே போவது? அரிசி, காய்கறி கழுவிய நீரைச் சேர்த்து ஊற்றலாம். சோப்பு நீர் ஆகாது. அடியில் சிறு துளையிட்ட பழைய மண்பானையைக் கன்றின் அருகே கழுத்தளவு புதைத்து, துளையில் திரி செருகி, நீர் நிரப்பி மூடி வைத்தால் ஈரம் மெல்ல மெல்ல வேருக்குப் போய்ச் சேரும். கன்றைச் சுற்றி வைக்கோலும் சருகும் பரப்பினால் அந்த ஈரம் நிலைக்கும்.

இலைகளைப் பச்சைப் புழுக்கள் கடித்திருப்பதைக் கண்டு பூச்சிமருந்து தெளிக்க விரையாதீர்கள். கரிய சிறகில் பச்சைப் புள்ளிகள் மின்னும் ஒரு வண்ணத்துப்பூச்சியின் குழந்தைப்பருவம் அது. பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். மரம் அந்த இழப்பை எளிதில் ஈடுசெய்துகொள்ளும்.

வேறு சில நிமிர் செடிகள்

மின்கம்பி குறுக்கிடும் வீட்டினர் சவுக்கை வேலியாக வளர்க்கலாம். ஓரடிக்கு ஒன்றாக நட்டு, இரண்டு மாதத்திற்கொருமுறை கத்தரித்து வந்தால் ஆறடிப் பச்சைச் சுவர் கிடைக்கும். இதன் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைநிறுத்துவதால் வளம் குறைந்த நிலத்திலும் பிழைக்கும். ஆனால் கத்தரிக்க மறந்தால் சில ஆண்டுகளில் வேலி தோப்பாகிவிடும்.

வாயிலின் இருபுறமும் வைக்க ஏற்றது துஜா. தட்டையான இலைக்கிளைகள் புத்தக ஏடுகள்போல் செங்குத்தாக அடுக்கியிருக்கும், மெதுவாக வளரும், தொட்டியிலும் இருக்கும். நல்ல வெயிலும் நீர் தேங்காத மண்ணும் வேண்டும். பச்சை இல்லாத பழங்கிளை வரை வெட்டினால் அந்த இடத்தில் மறுபடி தளிர்க்காது என்பதை நினைவிற்கொள்க.

விலக்க வேண்டிய செடி ஒன்றும் உண்டு. அது கொனோகார்ப்பஸ். மிக விரைவில் வளர்ந்து அடர்ந்த பச்சைத் திரை தருவதால் சாலை நடுவிலும் வீட்டு மதிலோரத்திலும் வேகமாகப் பரவியது. இதன் மகரந்தம் ஒவ்வாமையையும் மூச்சுத் தொல்லையையும் தூண்டுவதாகவும், வேர்கள் குழாய்களைச் சிதைப்பதாகவும் புகார்கள் எழுந்ததால் 2023-இல் குஜராத் அரசும் 2025-இல் தமிழ்நாடு அரசும் இதை நடுவதற்குத் தடை விதித்தன. விலை மலிவென்று யாரேனும் கொண்டுவந்து கொடுத்தாலும் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள்.

எதை எதிர்பார்க்கலாம்?

நெட்டிலிங்கம் புழுதியை இலைகளில் தடுத்து நிறுத்தும். முதல் மழையில் கழுவிக்கொள்ளும். பார்வையை மறைக்கும். மேற்குச் சுவரில் விழும் மாலை வெயிலைத் தணிக்கும். ஆனால் ஒரே வரிசை மரம் சாலை இரைச்சலை அதிகம் குறைக்காது. அதற்கு மதிலே உதவும். கட்டில் போட்டுப் படுக்க நிழலும் இது தராது. புறக்கடையில் பதினைந்து அடி இடம் இருக்குமானால் அங்கே வேம்போ புங்கமோ வைப்பதே குடும்பத்திற்குப் பெரும்பயன்.

இடம் இல்லாத முன்புறத்திற்குத்தான் இந்தத் தூண்மரம். இந்த ஞாயிறு மாலை நான்கு குச்சிகளை எடுத்து, நட எண்ணும் இடங்களில் ஊன்றி, மேலே கம்பியும் கீழே குழாயும் எங்கே செல்கின்றன என்று பார்த்துவிடுங்கள். அவை குறுக்கிடாத இடத்தில் மட்டும் குழி வெட்டுங்கள்.