குழந்தையின் இரைப்பும் பெரியவரின் இரைப்பும்

பெங்களூர் மாநகரில் கோரமங்களாவை அடுத்துள்ள ஈஜிபுராவில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. ஓரிரு அறைகளே கொண்ட வீடுகளில் பாட்டியும் பேரனும் அருகருகே படுத்துறங்குவது அங்கே வழக்கம். இரவில் அவ்விருவருக்கும் மூச்சுத் திணறினால் நாம் ஒரே பெயரையே சொல்கிறோம். தமிழில் இரைப்பு அல்லது இழுப்பு என்கிறோம். அடுத்த வீட்டுக் கன்னடத்தார் உப்பஸ என்பர். மருத்துவர் ஆஸ்துமா என்பார். பெயர் ஒன்றாயிருப்பதால் நோயும் ஒன்றே, மருந்தும் ஒன்றே, முடிவும் ஒன்றே என்று கருதிவிடுகிறோம். நோய் கடுமையாகும்பொழுது இக்கருத்து பெருந்தீங்கு விளைப்பதாகும்.

ஆஸ்துமா என்பது யாது? மூச்சுக்குழல்களின் உட்சுவர் நெடுநாள் அழற்சியுற்று வீங்குகிறது. சுற்றியுள்ள தசை இறுகுகிறது. கோழை சேர்ந்து வழியை அடைக்கிறது. இம்மூன்றும் கூடியதே இந்நோய். ஒரு நாள் மிகுதியாக இரைத்தது என்பதனால் மட்டும் அது கடுமையான ஆஸ்துமா ஆகிவிடாது. மூச்சோடு உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு மருந்தை உயர்ந்த அளவிலும், அதனுடன் வேறொரு மருந்தையும் முறைப்படி எடுத்தும் அடங்காததே, அல்லது அவற்றைக் குறைத்தால் உடனே மீள்வதே, கடுமையான ஆஸ்துமா என்று ஐரோப்பிய, அமெரிக்க மருத்துவ சங்கங்கள் 2014-ல் வரையறுத்தன.

பெங்களூரின் குளிரே இதற்குக் காரணம் என்று ஊரிலிருந்து வந்தவர்கள் கூறுவதுண்டு. இந்நகரின் குழந்தை மருத்துவ நிபுணர் டாக்டர் எச். பரமேஷ் 1979 முதல் 1999 வரை 18 வயதுக்குட்பட்ட 20,000 பேரை ஆராய்ந்தார். 1979-ல் அவர்களில் நூற்றுக்கு 9 பேருக்கு ஆஸ்துமா இருந்தது. 1999-ல் அது 29.5 ஆயிற்று. இருபது ஆண்டுகளில் குளிர் மும்மடங்காகவில்லை. பெருகியவை வண்டிகளும் கட்டடங்களுமே. அவரது பள்ளி ஆய்வு இதனை மேலும் தெளிவாக்குகிறது. போக்குவரத்துக் குறைந்த பகுதிப் பள்ளிகளில் நூற்றுக்கு 11 பேரளவில் இருந்த நோய், போக்குவரத்து மிகுந்த பகுதிகளில் 19 ஆகவும், அத்தகைய பகுதிகளிலேயே ஏழைக் குழந்தைகள் பயிலும் பள்ளிகளில் 31 ஆகவும் காணப்பட்டது. உள்வட்டச் சாலையின் புகையையும், 2017-ல் தொடங்கிப் பல்லாண்டு இழுபட்ட மேம்பாலப் பணியின் தூசியையும் அறிந்த ஈஜிபுராவாசிகளுக்கு இக்கணக்கு புதிதாகத் தோன்றாது.

இனிக் குழந்தையை நோக்குவோம். குழந்தையின் மூச்சுக்குழல் இயல்பிலேயே குறுகலானது. ஒரு குழாயின் விட்டம் பாதியாகக் குறைந்தால், அதில் காற்றுச் செல்வதற்கான தடை 16 மடங்காகிறது. ஆகையால் பெரியவருக்குச் சிறு தொல்லையாகத் தோன்றும் வீக்கம் குழந்தையை மூச்சடைக்கச் செய்யும். குழந்தையின் கடுமையான ஆஸ்துமா பெரும்பாலும் ஒவ்வாமையோடு பிணைந்தது. தூசிப்பூச்சி, கரப்பான் பூச்சி, மகரந்தம், பூஞ்சை எனப் பலவும் ஒரே குழந்தைக்கு ஒவ்வாதிருக்கலாம். தோலில் கரப்பானும் மூக்கில் ஓயாத தும்மலும் உடனிருக்கலாம். சளி நோய்க் கிருமிகள் புகும்போது இழுப்பு சடுதியில் மூளும். பூப்புப் பருவத்துக்கு முன் இது ஆண் குழந்தைகளிடத்தே மிகுதி.

குழந்தைகளிடத்தில் மற்றொரு விசேஷமும் உண்டு. கடும் இழுப்புக்குள்ளாகும் சிறுவனும், இழுப்பில்லாத நாளில் மூச்சுச் சோதனைக் கருவியில் ஊதினால் அளவு சரியாகவே காட்டக்கூடும். அதனைக் கண்டு, நோயில்லை என்று மருந்தை நிறுத்திவிடலாகாது. மேலும், மருந்துக்கு அடங்கவில்லை என்று அழைத்து வரப்படும் குழந்தைகள் பலருக்கு உள்ளபடி மருந்தே நுரையீரலைச் சென்றடைவதில்லை. இன்ஹேலரை நேராக வாயில் வைத்து அழுத்தினால் மருந்து தொண்டையில் படிந்துவிடும். ஸ்பேசர் எனப்படும் கூண்டுக்குழாயும், சிறு குழந்தைக்கு முகமூடியும் அவசியம். வீட்டினுள் ஒருவர் பீடி புகைத்தாலோ, கொசுவர்த்தி இரவெல்லாம் எரிந்தாலோ உயர்ந்த மருந்தும் பயன் குன்றும். இவற்றைச் சீர்செய்த பின்னும் அடங்காததே குழந்தையின் உண்மையான கடும் ஆஸ்துமா. அத்தகையோர் சிலரே.

பெரியவர் நிலை வேறு. சிலருக்குச் சிறு வயது நோயே தொடர்கிறது. வேறு சிலருக்கு நாற்பது வயதுக்கு மேல் புதிதாகத் தோன்றுகிறது. இப்புது நோயில் ஒவ்வாமையின் பங்கு குறைவாகவே இருக்கலாம். இரத்தத்தில் இயோசினோபில் அணுக்கள் மிகுந்திருத்தல், மூக்கினுள் சதை வளர்தல் ஆகியவை அடிக்கடி உடன் காணப்படுகின்றன. அவர்களுள் சிலருக்கு ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரை ஒன்றே உயிருக்கு ஆபத்தாக முடியலாம். இப்பருவத்தில் பெண்களே மிகுதியாகத் துன்புறுகின்றனர். உடற்பருமன் நோயை வலுவாக்குகிறது. தொழிலும் காரணமாகும். அடுமனை மாவு, மரத்தூள், வண்ணம் தெளிக்கும் புகை, தரை கழுவும் காரமருந்து ஆகியவற்றின் நடுவே உழைப்போர் நம்மவரில் அநேகர். விடுமுறை நாட்களில் மூச்சு தெளிந்து, வேலைக்குச் சென்றதும் அடைத்தால், மருத்துவரிடம் தொழிலையும் சொல்லவேண்டும். ஆண்டுகள் செல்லச் செல்லக் குழல்களின் சுவர் தடித்து, அடைப்பு நிலைத்துவிடலாம். புகைப்பிடிப்போர் நோயும் இதய நோயும் இதே தோற்றம் கொண்டு வருவதால், அவற்றைப் பிரித்தறிவதும் பெரியவரிடத்தே தனி வேலையாகும்.

“வளர வளரப் போய்விடும்” என்று குழந்தையைப் பற்றிப் பெரியோர் தேற்றுவது முற்றிலும் பொய்யன்று. முழுவதும் மெய்யும் அன்று. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 1964-ல் தொடங்கி, குழந்தைகளை அவர்களது 50 வயது வரை தொடர்ந்து கவனித்தனர். சளி பிடித்தபோது மட்டும் சிறிதளவு இரைத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நோய் நீங்கியிருந்தனர். கடுமையான ஆஸ்துமா கொண்டிருந்தவர்களிலோ நூற்றுக்கு 15 பேரளவினரே நீங்கினர். ஆகவே லேசான நோய்க்குரிய ஆறுதலைக் கடுமையான நோய்க்குச் சொல்லிக் காலம் கடத்தலாகாது.

சிகிச்சையிலும் வேறுபாடு உண்டு. உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு இருவருக்கும் அடிப்படை மருந்தே. அது குழந்தையின் வளர்ச்சியைத் தடுக்குமோ என்று தாய்மார் அஞ்சுவது இயற்கை. நெடுநாள் எடுத்தவர்களின் இறுதி உயரத்தில் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் குறைவு மட்டுமே காணப்பட்டது. இதற்கு அஞ்சி அதை விடுத்து, பாட்டிக்கு எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையைப் பேரனுக்கு அடிக்கடி கொடுப்பதே பெருங்கேடு. அது எலும்பையும் வளர்ச்சியையும் மிகுதியாகப் பாதிக்கும். அவ்வாறே, உடனடி ஆறுதல் தரும் சால்புடமால் ஒன்றையே பெரியவர் ஆண்டுக்கணக்கில் நம்பியிருப்பதும் ஆபத்தே; அது குழலைத் திறக்குமேயன்றி அழற்சியை ஆற்றாது. எதற்கும் அடங்காதவர்க்கு ஒமாலிசுமாப் போன்ற ஊசி மருந்துகள் உள்ளன. அவை 6 வயதுக்கு மேற்பட்ட சிறுவர்க்கும் பயன்படுகின்றன. எனினும் விலை மிக அதிகம். எந்த ஊசி யாருக்குப் பொருந்தும் என்பதை ஒவ்வாமைச் சோதனையும் இரத்தச் சோதனையுமே காட்டும்.

ஆபத்தின் குறியும் வயதுக்கேற்ப மாறும். பெரியவர் ஒரு வாக்கியத்தை முடிக்க மாட்டாமல் திணறுவார். குழந்தை சொல்லாது, விலாவிடை உள்ளிழுபடும், பால் குடிக்காது, உதடு நீலம் பாரிக்கும். இரைச்சல் திடீரென அடங்கி, குழந்தை சோர்ந்து கிடந்தால் அது குணமன்று; காற்றே உட்செல்லாத நிலை. உடனே 108-ஐ அழைக்கவேண்டும், அல்லது அருகிலுள்ள மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

பிற மாநிலத்தில் வாழும் நமக்குத் தனிக் கவனமொன்று தேவை. பொங்கலுக்கும் குலதெய்வ வழிபாட்டுக்கும் ஊர் செல்கையில் மருந்து பெங்களூரிலேயே நின்றுவிடுகிறது. அங்கே வேறொரு மருத்துவர் வேறொன்று எழுதுகிறார். ஆகவே இருவருக்கும் இரு தனிச் சீட்டுகள் வைத்துக்கொள்வோம். அன்றாட மருந்து எது, திணறலுக்கு மருந்து எது, எத்தனை முறை, எந்நிலையில் மருத்துவமனை செல்வது என்று மருத்துவரைக் கொண்டே எழுதி வாங்கிக்கொள்வோம். மொழி தெரியாத தாய்க்கும் அச்சீட்டு பேசும். பாட்டியின் சீட்டு பாட்டிக்கும், பேரனின் சீட்டு பேரனுக்குமே என்பதை மறவாதிருப்போம்.