காசில் பதிந்த முகம்

வீட்டில் விளக்கேற்றி, மூலைமுடுக்கெல்லாம் பெருக்கி, தொலைந்துபோன ஒற்றைக் காசைத் தேடிய பெண்ணின் உவமையை நம் ஆண்டவர் உரைத்தார். கிடைத்ததும் அவள் அண்டை வீட்டாரை அழைத்து மகிழ்ந்தாள். அக்காசை அவள் யாரிடமும் விலை பேசவில்லை. இந்நிகழ்ச்சியை நமக்கு நினைவூட்டியது, அவலூர்பேட்டையில் நமது இல்லத்து வாயிலில் ஒரு மாலை வந்து நின்ற மூதாட்டியும் அவர்தம் பேரனுமே.

முந்தானையில் முடிந்திருந்த சிறு பொட்டலத்தை அவர் அவிழ்த்தார். "சாமி, எங்க வீட்டுக்காரரு பத்திரமா வச்சிருந்த காசுங்க. பத்து லட்சம் தர்றேங்கிறாங்க. அதுக்கு முன்னாடி நாங்க ஆறாயிரம் கட்டணுமாம். தோட்டை அடகு வைக்கறதுக்கு முன்னே உங்ககிட்டே ஒரு வார்த்தை கேட்கலாம்னு வந்தேன்" என்றார். பேத்தியின் செவிலியர் படிப்பிற்குப் பணம் வேண்டும். பேரன் காசுகளைக் கைப்பேசியில் படமெடுத்து, பழங்காசு வாங்குவதாக விளம்பரம் செய்த எவருக்கோ அனுப்பியிருக்கிறான். பதிவுக் கட்டணம் என்று ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ஏற்கெனவே போய்விட்டது. இப்பொழுது வரி என்று ஆறாயிரம் கேட்கிறார்கள்.

உள்ளதை ஒளிக்காமல் கூறிவிடுவோம். பத்து லட்சம் என்றதும், ஒழுகும் நம் கோவில் கூரை ஒரு கணம் நம் மனத்திலும் வந்துபோயிற்று. ஆசை எவரையும் விட்டுவைப்பதில்லை.

பம்பாயிலிருந்து வந்த பரிசு

அவருடைய கணவர் நெடுங்காலம் உபதேசியாராக இருந்தவர். 1964ஆம் ஆண்டு இறுதியில் பம்பாயில் அனைத்துலக நற்கருணை மாநாடு நடைபெற்றது. திருத்தந்தை ஆறாம் பவுல் அதற்கு வருகை தந்தார். அங்குச் சென்றிருந்த உபதேசியாருக்கு, பக்கத்தில் அமர்ந்திருந்த அமெரிக்கத் திருப்பயணி ஒருவர் இக்காசுகளை அன்பளிப்பாகத் தந்தாராம். இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. செபமாலை மட்டுமே பொதுவாக இருந்தது.

பொட்டலத்தில் ஐந்து காசுகள்: ஒரு சென்ட், ஐந்து சென்ட், பத்து சென்ட், கால் டாலர், அரை டாலர். அரை டாலரில் ஜான் கென்னடியின் முகம். அமெரிக்க நாட்டின் முதல் கத்தோலிக்கக் குடியரசுத் தலைவராகிய அவர் 1963 நவம்பர் 22ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த மாதமே அந்நாட்டுப் பாராளுமன்றம் அவர் உருவத்தை அரை டாலரில் பொறிக்கச் சட்டம் இயற்றியது. நம் நாட்டிலும் 1964இல் மறைந்த நேருவின் உருவத்தோடு அவ்வாண்டே நாணயம் வெளிவந்தது. இரு நாடுகள் ஒரே ஆண்டில் தம் துயரத்தை உலோகத்தில் பதித்தன.

'புரூஃப்' நாணயம் என்பது யாது?

இவை கடைத்தெருவில் புழங்குவதற்காக அடித்த காசுகள் அல்ல. 'புரூஃப்' நாணயங்கள் எனப்படுபவை. அச்சையும் உலோக வில்லையையும் கண்ணாடிபோல் மெருகேற்றி, ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்தி அடிப்பர். அதனால் வெற்றிடம் முகம் பார்க்கும் கண்ணாடியாக மின்னும். உருவம் கூர்மையாக எழுந்து நிற்கும். நம் நாட்டில் மும்பை, கொல்கத்தா நாணயச்சாலைகளும் இத்தகைய காசுகளை வெளியிடுகின்றன.

அமெரிக்காவின் 1964ஆம் ஆண்டுத் தொகுப்பு பிலடெல்பியா நாணயச்சாலையில் அடிக்கப்பெற்றது. உறையிலிட்டு விற்ற விலை இரண்டு டாலர் பத்து சென்ட். ஏறத்தாழ 39 லட்சத்து 50 ஆயிரம் தொகுப்புகள் விற்றன! இத்துணை லட்சம் பேரிடம் இருக்கும் பொருள் எவ்வாறு அரியதாகும்? ஐந்தில் பெரிய மூன்று டாலர்ப் பகுதிகளான பத்து சென்ட், கால் டாலர், அரை டாலர் ஆகியவை நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி; மூன்றிலும் சேர்த்துச் சுமார் 19 கிராம். அவற்றின் விலை பெரும்பாலும் அவ்வெள்ளியின் விலையை ஒட்டியே அமையும். இதை மூதாட்டியிடம் கூறியபோது, பேரன் தலைகுனிந்தான்.

ஏமாற்றுவோர் செய்வது எப்போதும் ஒன்றே: பெருந்தொகை தருவதாகக் கூறி, சிறுதொகையை முன்னதாகக் கேட்பர். தன் பெயரையும் முத்திரையையும் காட்டிப் பழைய நோட்டு, நாணய வணிகத்தில் கட்டணமும் வரியும் கேட்போரை நம்ப வேண்டாமென இந்திய ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. பணம் தருகிறவன் நம்மிடம் பணம் கேட்பானேன்? ஏமாந்தோர் வெட்கப்பட்டு மௌனம் காக்காமல், 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். அன்றே பேரனைக்கொண்டு அவ்வாறு செய்வித்தோம். தோடு காதிலேயே தங்கிற்று.

நாம் செய்த பிழை

படமெடுப்பதற்காகப் பேரன் பழைய உறையைக் கத்தரித்திருந்தான். அவனைக் கடிந்துகொண்ட நாமே அதனினும் பெரிய தவறு செய்தோம். கென்னடியின் முகத்தில் தூசு படிந்திருப்பதாகக் கருதி, கைக்குட்டையால் அழுத்தித் துடைத்துவிட்டோம். வெளிச்சத்தில் திருப்பியபோது, கண்ணாடிப் பரப்பில் மெல்லிய கீறல்கள்! அறுபது ஆண்டு காத்த காசை ஆறு விநாடியில் கெடுத்தோம். மூதாட்டியிடம் மன்னிப்புக் கேட்டோம். "போகட்டும் சாமி, முகம் தெரியுதே" என்றார்.

ஆகவே வாசக அன்பர்களே, வீட்டில் பழங்காசு இருப்பின் புளியோ சாம்பலோ இட்டுத் துலக்காதீர்கள். விளிம்பைப் பிடித்தே எடுங்கள். காலப்போக்கில் படிந்த நிறத்தை அழுக்கென்று எண்ணாதீர்கள்.

மறுநாள் காலையில்

பேரன் எடுத்த படங்களில் காசு வெறும் வெண்மையாகவோ, அவன் முகமே அதில் தெரிவதாகவோ இருந்தது. கண்ணாடிப் பரப்பு எதிரே இருப்பதைத்தானே காட்டும்? மறுநாள் காலை இருவருமாகச் சன்னலருகே மேசை போட்டோம். பாட்டுப் புத்தகங்களை இருபுறமும் அடுக்கி, கைப்பேசியை நேர் கீழ்நோக்கி வைத்தோம். கருப்பு அட்டையில் துளையிட்டு வில்லையைச் சுற்றி மறைத்தோம். பக்கவாட்டிலிருந்து வெள்ளைத் தாள் வழியே சன்னல் ஒளி விழச் செய்தோம். பரப்பு கருமையாயிற்று, உருவம் வெண்மையாய் எழுந்தது. கீறல்களும் தெரியத்தான் செய்தன.

அப்படத்தில் ஒரு வாசகத்தைப் பேரன் எழுத்துக்கூட்டிப் படித்தான். கடவுளில் நம்பிக்கை வைக்கிறோம் என்பது அதன் பொருள். அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில், 1861இல், வாட்கின்சன் என்ற கிராமப் போதகர் நாணயங்களில் இறைவனை நினைவுகூர வேண்டுமென்று நிதியமைச்சர் சேஸுக்குக் கடிதம் எழுதினார். அதன் பயனாக 1864இல் இரண்டு சென்ட் காசில் இவ்வாசகம் முதன்முதலாக இடம்பெற்றது. சிற்றூர்ப் போதகரின் கடிதம் நாட்டின் காசில் ஏறிற்று.

நம் மண்ணின் காசுகள்

காசுகளுக்காக நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. அண்டையிலுள்ள செஞ்சிக் கோட்டை 1750 முதல் 1761 வரை பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. அவர்கள் புதுச்சேரியில் அடித்த செப்புத் துட்டில் ஒருபுறம் அல்லி மலர். மறுபுறம் தமிழில் ஊர்ப்பெயர். சங்ககாலப் பாண்டியரின் 'பெருவழுதி' நாணயத்தை அறிஞர் உலகிற்கு எடுத்துக்காட்டியவர் பத்திரிகையாசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி. நிலத்தை உழும்போது பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதையல் கிடைத்தால், 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிப்பது கடமை என்பதையும் விவசாயப் பெருமக்கள் அறிந்திருக்க வேண்டும்.

மூதாட்டி காசுகளை விற்கவில்லை. பேத்தியின் படிப்புக்கு வங்கிக் கடன் கேட்டு விண்ணப்பித்துள்ளோம். முதல் தவணைக்குப் பங்கு மக்கள் சிலர் முன்வந்துள்ளனர். உபதேசியாரின் படத்தருகே இப்போது காசின் படமும் தொங்குகிறது.

காசு யாருடைய உருவத்தைத் தாங்கியுள்ளது என்று ஆண்டவர் ஒருமுறை வினவினார். இராயனின் உருவம் காசில் இருக்கலாம். இறைவனின் சாயல் மனிதரில் அன்றோ பதிந்துள்ளது! அதில் கீறல் விழுந்தபோதும், "முகம் தெரியுதே" என்று சொல்லி நம்மை ஏற்றுக்கொள்பவர் அவர்.