ரியூனியன் தீவுத் தமிழர்



இந்தியப் பெருங்கடலில் ரியூனியன் என்றொரு பிரெஞ்சுத் தீவு உண்டு. 1848இல் அங்கு அடிமை முறை ஒழிந்ததும், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டிப் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து தமிழரை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினர். நம் பாட்டனார் பால்மரக் காட்டுக்கு வந்த கதையைப் போன்றதே அதுவும்.

ஆனால், அத்தோட்டங்களில் தமிழ்ப்பள்ளி அமையவில்லை. பள்ளியில் பிரெஞ்சு, வீட்டிலும் வயலிலும் அதனின்று பிறந்த கிரியோல். 1882இல் ஆங்கில அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. ஊரிலிருந்து தமிழ் பேசி வருவோரும் அருகினர். பேரர் காலத்தில் தமிழ் கோயிலுக்குள் ஒடுங்கிற்று. இன்றும் தீமிதி நடக்கிறது. பாஞ்சாலியைப் 'பண்டியாலே' என்கின்றனர். தமிழ்ப் பாட்டை உரோமன் எழுத்தில் எழுதிவைத்துப் பாடுவோரும் உளர், பொருள் அறியார். இராமசாமி என்ற பெயர் தங்கிற்று; அந்த இராமசாமிக்குத் தமிழ் தெரியாது!

மலாயாவிலோ 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 10 பிள்ளைகள் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. கொட்டகைப் பள்ளிகள்தாம் பல. ஆயினும் அங்கேதான் நாம் அகரம் எழுதினோம். இன்று செலாயாங் வட்டாரத்தில் தமிழ்ப்பள்ளிக்கு அருகிலேயே குடியிருந்தும், "பிள்ளைக்குத் தமிழ் எதற்கு, ஐயா?" என்று என்னிடம் கேட்கும் தந்தையர் இருக்கின்றனர்.

ரியூனியனிலோ, அக்கூலிகளின் வழித்தோன்றல்கள் சிலர், வளர்ந்து பெரியவர்களான பின்னர், வகுப்பில் அமர்ந்து 'அ, ஆ' எழுதிப் பழகுகின்றனர்.